கழுவும் கைக்குக் கடை எப்போது?

சனிக்கிழமைகளில் திருநள்ளாறு சாலையில் நின்றால் கார்களுக்குக் குறைவிருக்காது. திருச்சி, சென்னை, கோவை, பெங்களூரு என்று எல்லா ஊர்ப் பதிவெண்களும் கடந்து போகும். நளன் குளத்தில் முழுகி, சனீஸ்வரனைக் கும்பிட்டுவிட்டு, தமிழ்நாட்டைவிட விலை குறைவு என்பதால் நம் ஊர் பங்க்கில் பெட்ரோலையும் நிரப்பிக்கொண்டு திரும்புகிறார்கள். இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை சனிப்பெயர்ச்சி வந்தால் சொல்லவே வேண்டாம். இவை போக நிரவியில் உள்ள ஓ.என்.ஜி.சி.க்கு ஓடும் வாடகை வண்டிகள், துறைமுகத்துக்கு வரும் வாகனங்கள், ஜிப்மருக்கும் என்.ஐ.டி.க்கும் வருகிறவர்களின் கார்கள், பிஒய் 02 என்று தொடங்கும் உள்ளூர் வண்டிகள். 2011 கணக்கெடுப்பின்படி 2 லட்சம் பேர் வாழும் சிறிய மாவட்டம்தான். ஆனால் வண்டி கழுவும் வேலைக்கு இங்கே ஓய்வில்லை.

‘வாட்டர் சர்வீஸ்’ என்று பலகை மாட்டிய இடங்களில் குழாயைப் பிடித்து நிற்கும் பையன்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்பதை இந்தப் பத்தியின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நெடுங்காடு, நிரவி, கோட்டுச்சேரி, திருமலைராயன்பட்டினம் பக்கத்துக் காலனிப் பிள்ளைகள் அவர்களில் கணிசம். தாத்தா நடவு வயலில் நின்று வாங்கிய சேற்றுப்புண்ணைப் பேரன் ஷாம்பு நுரையில் நின்று வாங்குகிறான். கிடைப்பது தினக்கூலி. பத்து வருடம் கழுவினாலும் அவனுக்குப் பெயர் ‘சர்வீஸ் பையன்’தான். முதலாளி மட்டும் இரண்டாவது ராம்ப் போட்டிருப்பார்.

இப்போது அந்தத் தொழில் அடுத்த படிக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. பெருநகரங்களில் பரவிய ‘டீட்டெய்லிங்’ சிறிய ஊர்களுக்கும் வந்துகொண்டிருக்கிறது. காரைக் கழுவுவதோடு நிற்காமல், மேல்பூச்சில் ஒட்டிய துகள்களை எடுப்பது, கீறல்களை மெஷின் வைத்துத் தேய்த்து மறைப்பது, மெழுகோ செராமிக்கோ பூசிக் காப்பது, சீட், தரைவிரிப்பு, ஏ.சி. துவாரம் வரை உள்பக்கத்தைச் சுத்தம் செய்வது, மங்கிப்போன ஹெட்லைட்டைத் தெளிய வைப்பது என்று எல்லாம் சேர்ந்ததுதான் அது. கழுவுவதற்குச் சில நூறு ரூபாய் கொடுக்கிறவர் இதற்குச் சில ஆயிரம் கொடுக்கிறார். செராமிக் கோட்டிங் என்றால் பத்தாயிரத்தையும் தாண்டுகிறது. ஒரு கார் கழுவ 400 ரூபாய், டீட்டெய்லிங்குக்கு 4,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பத்துக் கார் கழுவும் வசூல் ஒரே காரில் வந்துவிடுகிறது.

இந்தப் படியில் யார் ஏறப்போகிறார்கள் என்பதுதான் என் கேள்வி. கழுவிப் பழகிய கை இங்கே நம்முடையது. விலை கூடும்போது கடை மட்டும் ஏன் இன்னொருவருடையதாகவே இருக்க வேண்டும்?

இதில் உள்ள வேலைத்திறனை முதலில் நாமே மதிக்க வேண்டும். இன்றைய கார்களில் நிறப்பூச்சுக்கு மேலே ‘கிளியர் கோட்’ என்று கண்ணாடி போன்ற ஒரு படலம் உண்டு. அதன் தடிமன் சுமார் 40 முதல் 50 மைக்ரான். மாணவர்கள் தங்கள் நோட்டுப் புத்தகத்தின் ஒரு தாளைத் தொட்டுப் பாருங்கள். ஏறக்குறைய அதில் பாதி. பாலிஷ் மெஷினை ஒரே இடத்தில் கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் அந்தப் படலம் தேய்ந்து போகும். பிறகு பெயின்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை. எந்த மருந்துக்கு எந்தப் பேடு, எவ்வளவு வேகம், எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் கையில் ஊறவேண்டிய விஷயங்கள்.

நம் ஊருக்கென்று தனிச் சிக்கலும் இருக்கிறது. கடலோரம் என்பதால் காற்றிலேயே உப்பு. பல இடங்களில் போர் தண்ணீரிலும் உப்பு. அந்தத் தண்ணீரில் கழுவிய காரை வெயிலில் உலர விட்டால் தண்ணீர் ஆவியாகும். உப்பும் சுண்ணாம்பும் வட்ட வட்டமாகத் தங்கிவிடும். கறுப்புக் கார் வைத்திருப்பவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். சாஃப்னர் பொருத்தினால் சுண்ணாம்புக் கறை குறையும். உப்பை அது எடுக்காது. கடைசியாக ஊற்றும் தண்ணீராவது ஆர்.ஓ. தண்ணீராகவோ சேமித்த மழைநீராகவோ இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையைக் கூரையிலிருந்து தொட்டியில் பிடித்து வைக்கிறவருக்கு இந்தச் செலவு குறையும். நிலக்கரி இறங்கும் துறைமுகப் பக்கத்தில் நிற்கும் வண்டியில் படியும் கரித்தூசியை உலர்ந்த துணியால் துடைத்தால் கீறல் விழும். முதலில் நுரை போட்டு ஊறவைக்க வேண்டும். இதையெல்லாம் எந்தப் பெருநகரக் கம்பெனியும் வந்து நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தினமும் கழுவுகிற பையனுக்கு இது முன்பே தெரியும். அவனிடம் யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

செல்ஃப் சர்வீஸ் கார் வாஷ் என்ற ஒன்றையும் இங்கே பேச வேண்டும். காரைக்காலில் பிரான்ஸ் உறவில்லாத தெரு குறைவு. 1881-ல் பிரெஞ்சு அரசு கொண்டுவந்த ஆணையின் கீழ் தங்கள் மரபுச் சட்ட உரிமையைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தையும் புதுக் குடும்பப் பெயரையும் ஏற்றவர்களில், சாதியிலிருந்து வெளியேற வழி தேடிய ஒடுக்கப்பட்ட மக்களும் கிறிஸ்தவர்களும் நிறையப் பேர். அந்த வழியில் பிரான்ஸ் போன குடும்பங்களின் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது கேட்டுப் பாருங்கள். அங்கே பொது வீதியில் கார் கழுவப் பொதுவாக அனுமதியில்லை. டோக்கனோ நாணயமோ போட்டால் குறிப்பிட்ட நிமிடங்களுக்குத் தண்ணீரும் நுரையும் வரும் நிலையங்களுக்குத்தான் போக வேண்டும். துப்பாக்கி போன்ற குழாயைப் பிடித்து நிற்பவர் டாக்டராக இருக்கலாம், கொத்தனாராகவும் இருக்கலாம். வண்டியை அழுக்காக்கியவரே கழுவுகிறார்.

இந்தியாவில் இது பெரிதாக வேரூன்றவில்லை. மெஷின் விலை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், சொற்பக் காசுக்கு இன்னொரு கை கிடைக்கிற சமூகத்தில் தன் அழுக்கைத் தானே கழுவ எவருக்கும் மனம் வராதது. அந்த இன்னொரு கை யாருடையது என்பதில் சாதி ஒளிந்திருக்கிறது.

ஆனாலும் காரைக்கால் போன்ற ஊரில் அதற்கு இடம் இருப்பதாகவே நினைக்கிறேன். மீன் ஏற்றிவந்த டாடா ஏஸ்காரர், ஆட்டோ ஓட்டுநர், பைக் வைத்திருக்கும் கல்லூரி மாணவர் இவர்கள் கூலி கொடுத்துக் கழுவுகிறவர்கள் அல்லர். பத்து நிமிடத் தண்ணீருக்குச் சிறு தொகை என்றால் தாங்களே கழுவிக்கொண்டு போவார்கள். ஒரு சிறிய ஜெட் வாஷர் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் தண்ணீர்தான் எடுக்கிறது. க்யூஆர் கோடில் காசு வாங்கி நேரம் எண்ணும் கருவியை அதோடு இணைக்கலாம். முன்பக்கம் இந்தத் தானே கழுவும் இடம், பின்பக்கம் கூரை போட்ட ஒரு டீட்டெய்லிங் கூடம். முன்பக்கத்தை மெஷின் பார்த்துக்கொள்ளும். நாள் முழுக்க நனைந்து நின்ற இரண்டு பேர் பின்பக்கம் உலர்ந்த தரையில், நிழலில், விலை உயர்ந்த வேலையைச் செய்யலாம். இந்தத் தொழிலில் ஒருவர் கூலியிலிருந்து கைவினைஞராக மாறும் இடம் அந்தப் பின்பக்கக் கூடம்தான்.

இயக்கத் தோழர்கள் சிலருக்கு இதில் கோபம் வரும். தலைமுறை தலைமுறையாகச் சுத்தம் செய்யும் வேலையிலேயே தள்ளி வைத்தார்கள், படித்த பிள்ளைகளை மறுபடியும் அதற்கா அனுப்பச் சொல்கிறாய் என்று கேட்பார்கள். நியாயமான கோபம். சாதி என்பது வேலையைப் பிரித்ததோடு நிற்காமல் வேலை செய்கிறவர்களையே மேல் கீழாகப் பிரித்தது என்று 1936-லேயே அம்பேத்கர் வாதிட்டார். அந்த வாதத்தை மறந்து யாரும் இங்கே பேச முடியாது. மாணவர்கள் படிப்பை விட்டுவிட்டுக் குழாயைப் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே குழாயைப் பிடித்து நிற்கிறவர்களைப் பற்றிப் பேசுகிறேன்.

முன்பு நடந்ததையும் நினைத்துப் பார்க்க வேண்டும். தோலைத் தொட்டால் தீட்டு என்று ஒதுக்கி வைத்தார்கள். தோல் ஏற்றுமதிப் பொருளானதும் தொழிற்சாலை யார் கைக்குப் போனது, ஊறல் தொட்டியில் யார் நின்றார்கள் என்பது நமக்குத் தெரியும். முடி வெட்டுவதை ஒரு சாதியின் தலையில் கட்டினார்கள். அது குளிர்சாதன சலூனாக, வரவேற்பறையோடு கூடிய தொழிலாக மாறியதும் பெருமுதலீட்டாளர்கள் தயங்காமல் வந்தார்கள். பரம்பரையாக வெட்டியவர் பலர் அங்கே சம்பளக்காரர் ஆனார். வேலை மலிவாக இருக்கும்வரை அது நம் தலையெழுத்து. விலை கூடியதும் எல்லோருக்கும் உரிய வணிகம். டீட்டெய்லிங் இப்போது அந்த வாசலில் நிற்கிறது. கௌரவம் பார்த்து நாம் ஒதுங்கினால் இதிலும் அதுவே நடக்கும்.

கடை வைப்பது எளிது என்றும் சொல்லமாட்டேன். அமெரிக்காவில் படித்துத் திரும்பிய அம்பேத்கரே பம்பாயில் முதலீட்டு ஆலோசனைத் தொழில் தொடங்கி, அவருடைய சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் விலகியதால் அதை மூட நேர்ந்தது. நூறு ஆண்டுக்குப் பிறகும் கணக்கு பெரிதாக மாறவில்லை. 2005 பொருளாதாரக் கணக்கெடுப்பை ஆராய்ந்த லட்சுமி ஐயர், தருண் கன்னா, அசுதோஷ் வார்ஷ்னே ஆகியோர் தங்கள் கட்டுரையில் காட்டிய கணக்கின்படி, மக்கள்தொகையில் 16.4 சதவீதம் இருந்த அட்டவணை இனத்தவரிடம் இருந்த தொழில் நிறுவனங்கள் 9.8 சதவீதம் மட்டுமே. அவற்றிலும் பல, வேலைக்கு ஆளே வைக்காத ஒற்றை ஆள் கடைகள்.

வண்டிச் சேவையில் இந்தத் தடை இன்னும் நுட்பமானது. வெளியே நின்று தண்ணீர் அடிப்பவனை எவரும் தடுப்பதில்லை. டீட்டெய்லிங் என்றால் சாவியைக் கொடுத்துவிட்டு அரை நாள் வண்டியை விட்டுப் போகவேண்டும். அவன் உள்ளே உட்கார்ந்து சீட்டைத் துடைக்க வேண்டும். செருப்புப் போட்டு, சைக்கிளில் ஏறிச் சில தெருக்களைக் கடக்கவே சண்டை போட வேண்டியிருந்த பகுதி இது. ‘யாருடைய கடை’ என்று விசாரித்த பிறகே சாவியை நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மெயின் ரோட்டில் இடம் வாடகைக்குக் கேட்டாலும் முதலில் வரும் கேள்வி ‘தம்பி எந்த ஊரு, எந்தத் தெரு?’ வங்கியில் அடமானம் கேட்டால் காட்ட நிலமில்லை. மனைப்பட்டா இருந்தாலும் அதன் மதிப்பு போதவில்லை என்பார்கள்.

இந்த இடத்தில் அரசு என்ன செய்கிறது? காரைக்கால் மக்களுக்கென்றே உள்ள ஒரு வருத்தம் இங்கே வருகிறது. தமிழ்நாடு அரசு 2023-ல் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைக் கொண்டுவந்தது. பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்குத் திட்ட மதிப்பில் 35 சதவீதம், அதிகபட்சம் ஒன்றரைக் கோடி ரூபாய் வரை மானியம். கடன் வட்டியில் 6 சதவீதமும் அரசு பொறுப்பு. புதிய தொழிலுக்கு மட்டுமல்லாமல், இருக்கிற தொழிலை விரிவாக்கவும் அது உதவுகிறது. வாஞ்சூர் எல்லையைத் தாண்டி நாகூரில் வாட்டர் சர்வீஸ் வைத்திருக்கும் நம் உறவுக்காரர் ஒரு டீட்டெய்லிங் கூடம் சேர்க்க அதில் விண்ணப்பிக்கலாம். பூவத்தைத் தாண்டித் தரங்கம்பாடிப் பக்கம் இருப்பவரும் விண்ணப்பிக்கலாம். இரண்டு பக்கமும் தமிழ்நாடு. நடுவில் இருக்கும் நாம் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம் என்பதால் அந்தத் திட்டம் நமக்கு இல்லை. ஒரே தெய்வம், ஒரே சாதி, ஒரே சம்பந்தி வீடு. மானியம் மட்டும் எல்லைக் கல்லில் நின்றுவிடுகிறது.

மத்திய அரசின் ஸ்டாண்ட் அப் இந்தியா 2016 ஏப்ரல் 5-ல் தொடங்கியது. ஒவ்வொரு வங்கிக் கிளையும் குறைந்தது ஓர் எஸ்.சி. அல்லது எஸ்.டி. தொழில்முனைவோருக்கும் ஒரு பெண்ணுக்கும் 10 லட்சம் முதல் 1 கோடி வரை கடன் தரவேண்டும் என்றது. ஆனால் அது முதன்முதலாகத் தொடங்கும் தொழிலுக்கு மட்டுமே இருந்தது. ஏற்கெனவே தண்ணீர் அடித்துப் பிழைக்கிற சிறு கடைக்காரர் டீட்டெய்லிங் சேர்க்க அங்கே வழியிருக்கவில்லை. 2025 பட்ஜெட்டில் அறிவித்த 2 கோடி வரையிலான கடன் திட்டமும் முதன்முறை தொழில்முனைவோரைத்தான் சொல்கிறது. பாதி தூரம் தானாகவே ஏறிவந்தவனைத்தான் நம் திட்டங்கள் மறக்கின்றன.

உருப்படியாக மிஞ்சுவது இரண்டு. புதிதாகத் தொடங்குகிறவருக்குப் பி.எம்.இ.ஜி.பி.; சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை. எஸ்.சி. பிரிவினர் தங்கள் பங்காக 5 சதவீதம் போட்டால் போதும். கிராமப்புறத்தில் 35 சதவீதமும் நகரத்தில் 25 சதவீதமும் மானியம். காரைக்கால் நகருக்குள் வாடகை தேடி அலைவதைவிட ஊராட்சி எல்லைக்குள் பிரதான சாலையோரம் இடம் பிடித்தால் பத்து சதவீதம் கூடுதல் என்பதைக் கவனியுங்கள். இரண்டாவது, முத்ராவிலோ பி.எம்.இ.ஜி.பி.யிலோ முன்பு கடன் வாங்கி ஒழுங்காக அடைத்து லாபம் காட்டுகிறவர்களுக்கு, தொழிலை மேம்படுத்த அதே திட்டத்தில் தரப்படும் இரண்டாவது கடன். சேவைத் தொழிலுக்கு 25 லட்சம் வரை, 15 சதவீத மானியம். டீட்டெய்லிங் சேர்ப்பதற்கு நேராகப் பொருந்துவது இதுதான். வங்கி மேலாளரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

புதுச்சேரி ஆதிதிராவிடர் மேம்பாட்டுக் கழகமான பாட்கோ இருப்பது எதற்கு? மாடு வாங்க, ஆட்டோ வாங்கச் சிறு கடன் என்ற பழைய பட்டியலோடு நிற்காமல், தமிழ்நாட்டுக்கு நிகரான முதலீட்டு மானியத்தைப் புதுச்சேரி அரசு அதன் வழியே தர வேண்டும். 2011 கணக்கெடுப்பில் இந்த ஒன்றியப் பிரதேச மக்களில் அட்டவணை இனத்தவர் 15.7 சதவீதம். நெடுங்காடு தனித்தொகுதி உறுப்பினர் மட்டும் கேட்க வேண்டிய கேள்வி அல்ல இது. மாவட்டத்தின் ஐந்து உறுப்பினர்களும் சட்டப்பேரவையில் கேட்க வேண்டும். ஐ.டி.ஐ.யில் பெயின்ட் பராமரிப்பு, பாலிஷ், உள்பக்கச் சுத்தம் இவற்றில் மூன்று மாதக் குறுகியகாலப் பயிற்சி நடத்தவும் பெரிய செலவில்லை.

இன்னொரு கதவு நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் தங்கள் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடமும், அதில் 4 சதவீதத்தை எஸ்.சி., எஸ்.டி. உரிமையாளர்களிடமும் வாங்க வேண்டும் என்று 2012-ம் ஆண்டின் கொள்முதல் கொள்கை சொல்கிறது. பொருளுக்கு மட்டுமல்ல, சேவைக்கும் அது பொருந்தும். ஓ.என்.ஜி.சி.யின் காவிரிப் படுகை அலுவலகம் காரைக்காலில்தான் இருக்கிறது. வண்டிகளைச் சுத்தமாகப் பராமரிக்கும் வேலையை ஒப்பந்தமாகக் கேட்டுப் பெற நம் இளைஞர்களுக்கு உரிமை உண்டு. உத்யம் பதிவு இலவசம்; அது இருந்தால் டெண்டருக்கு முன்வைப்புத் தொகை கட்டுவதிலிருந்தும் விலக்கு கிடைக்கும். ‘அந்தச் சேவைக்கு எங்கள் பகுதியில் தகுதியான எஸ்.சி. நிறுவனம் இல்லை’ என்று அதிகாரிகள் எழுதிவைக்க நாம் இடம் கொடுக்கக் கூடாது. ஒருவர் தனியாகப் போவதைவிட நான்கு பேர் கூட்டாக ஒரு நிறுவனம் தொடங்கிப் போனால் பலம். கார் கழுவுகிறவர்கள் ஒன்றுசேர்வது உலகத்துக்குப் புதிதல்ல. லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் கூலி ஏய்ப்பில் சிக்கிய லத்தீன் அமெரிக்கக் குடியேறித் தொழிலாளர்கள் 2008-லிருந்து இயக்கம் நடத்தி, 2011-ல் ஒரு கார் வாஷில் தொழிற்சங்க ஒப்பந்தமே போட வைத்தார்கள்.

தொடங்குகிறவர்களுக்குச் சில எச்சரிக்கைகளும் உண்டு. முதல் நாளே செராமிக், பி.பி.எஃப். என்று பெரிய கடனில் இறங்க வேண்டாம். உள்பக்கச் சுத்தமும் ஹெட்லைட் வேலையும் குறைந்த முதலீட்டில் காசு தருபவை; ஒரு நல்ல வேக்குவம், ஒரு பாலிஷ் மெஷின், தரமான மைக்ரோஃபைபர் துணிகள் போதும். ஒரு பழைய பானட்டை ஆக்கர் கடையில் வாங்கிக் கை பழகிய பிறகே வாடிக்கையாளர் வண்டியைத் தொடுங்கள். ஈரத்தரையில் மின்சாரம் உயிரைக் குடிக்கும், ஈ.எல்.சி.பி. பொருத்தாத இடத்தில் எந்தப் பையனையும் வேலைக்கு நிறுத்தக் கூடாது. கையுறையும் பூட்ஸும் அவனுக்குக் கூலியோடு சேர்ந்த உரிமை. நாம் முதலாளி ஆனதும் அதை மறந்துவிட்டால், பேசிய அத்தனையும் வீண்.

தண்ணீரையும் நினைக்க வேண்டும். 2024 மார்ச்சில் பஞ்சம் வந்தபோது பெங்களூருவில் குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றார்கள். கடைமடைக்குக் காவிரி வராத ஆண்டில் அந்த உத்தரவு இங்கேயும் வரலாம். தண்ணீர் அடிப்பதை மட்டும் நம்பிய கடை அன்று மூடிவிடும். ஒரு வாளித் தண்ணீரில் முடிகிற உள்பக்க வேலையும் பாலிஷும் தெரிந்த கடை திறந்திருக்கும். எண்ணெயும் கிரீஸும் கலந்த கழிவுநீரை வடிகட்டும் தொட்டி கட்டி, மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கழிவு வாய்க்கால் வழியே அரசலாற்றுக்குப் போவதற்கு முன்னால் தாழ்வான பகுதியில் இருக்கும் நம் தெருக்களில்தான் தேங்கும்.

கடன் கேட்டுப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். சாதிச் சான்றிதழ், குடியிருப்புச் சான்று, உத்யம் பதிவு, மெஷின்களுக்கு இரண்டு கடைகளின் கொட்டேஷன், வாடகை ஒப்பந்தம், ஆறு மாத வங்கிக் கணக்கு ஆகியவற்றைக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தைக் கொடுத்ததும் தேதி போட்ட ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மறுத்தால் மறுத்த காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்ன மறுப்பை எந்த மேலதிகாரியிடமும் காட்ட முடியாது.